எஞ்சிய பொருளும் எஞ்சிய கடனும்

(இரண்டாம் ஆண்டு, தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன்)

மனிதன் ஒரு பொருளைத் தேடும்பொழுது காட்டும் கருத்தில் நூற்றில் ஒரு பங்கேனும் அதனைக் கைவிடும்பொழுது காட்டுவதில்லை. வாங்குங்கால் பத்துக் கடை ஏறி இறங்குகின்றான், விலை கேட்கின்றான், பழுது உண்டோ என்று தட்டிப் பார்க்கின்றான். அப்பொருள் வேண்டாததாய்விட்ட நாளிலோ, அஃது எங்கே போகின்றது, யார் கையிற் சேர்கின்றது, அங்கே என்ன ஆகின்றது என்று ஒரு வினாவும் அவன் வாயினின்று எழுவதில்லை. வாயிற்படியைக் கடந்தாற் போதும் என்று எண்ணுகின்றான். இவ்வெண்ணம் பிழையுடையது. ஒரு பொருளினால் நமக்கு உண்டாகும் பயன் முடிந்த அன்றே, அப்பொருளின்பால் நமக்குள்ள கடனும் முடிந்துவிடுவதில்லை. இதனை வற்புறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லாப் பொருள்களையும் ஈண்டு எடுத்துரைக்கப் புகின் விரியும். ஆகலின் மாணாக்கராகிய நம் கையிற் பழகும் ஒரு வகைப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வேன். பொழுதுபோக்காக மின்னணுக் கருவிகளைச் செய்து பார்ப்போர் சேர்த்துவைக்கும் சிறு உறுப்புக்களும், அவற்றைக் கையாளும் கருவிகளுமே அவை. வண்ணக் கம்பிகள், மின்தடைகள், மின்தேக்கிகள், டிரான்சிஸ்டர்கள், சர்க்யூட் பலகைகள், சிறு மோட்டார்கள், பேட்டரிகள், சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பிச் சுருள், மல்டிமீட்டர், குறடு, திருப்புளி என இவை பலவாம்.

‘தமிழ் பயில்வோனுக்கு இவற்றோடு என்ன உறவு?’ என்று நண்பர் வினவக்கூடும். உறவு உண்டு. மத்திய அரசினர் 2016ஆம் ஆண்டு தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின் பயனாகப் பள்ளிகள்தோறும் மாணவர் செய்கூடங்கள் அமைந்து வருகின்றன. இன்று நாடெங்கும் அவை பதினாயிரத்துக்கு மேற்பட்டவை. விருதுநகரில் யான் பயின்ற பள்ளியிலும் அத்தகைய கூடம் ஒன்று இருந்தது. அங்கே யான் விளக்கை மினுக்கினேன். மண்ணின் ஈரம் அறிந்து நீர் பாய்ச்சும் சிறு பொறி ஒன்றும் செய்தேன். கையிற் கிடைத்த காசெல்லாம் உறுப்பாக மாறிற்று. ஈராண்டில் மரப்பெட்டி ஒன்று நிறைந்தது. அதன் மூடியில் என் பெயரை மையினால் எழுதி வைத்திருந்தேன். பின்னர்த் தமிழின்பால் உள்ளம் சென்றமையால் இக்கல்லூரிக்கு வந்தேன். பெட்டி கட்டிலின் அடியிற் கிடந்தது.

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தனர். கட்டிலுக்கடியிற் கிடப்பதை அகற்றும்படி அன்னையார் பணித்தார். அவ்வேளை தெருவில் பழைய இரும்பு வாங்குவார் ஒருவர் வண்டி தள்ளி வந்தார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்தை நம் பெரியோர் இன்றும் நகையுடன் நினைவுகூர்வர். எனக்குப் பேரீச்சம்பழம் கிடைக்கவில்லை. பெட்டியோடு நிறுத்து முப்பது ரூபாய் கொடுத்தார். இடம் ஒழிந்ததென்று மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள் மாலை ஊருக்குப் புறத்தேயுள்ள ஓடைக்கரை வழியாக வந்தேன். கரும்புகை எழுந்தது. பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் குந்தியிருந்து, எரியும் கம்பிக் கற்றையை ஒரு குச்சியினாற் புரட்டிக்கொண்டிருந்தான். மேற்சட்டையின் ஓரத்தால் வாயைப் பொத்தி இருமினான். ஏன் எரிக்கின்றாய் என்று வினவினேன். ‘தோல் போனால்தான் அண்ணே செம்புக்கு விலை’ என்றான். எரியாது எஞ்சிய நுனிகள் நீலமும் மஞ்சளுமாய் இருந்தன. யான் வாங்கிய கம்பிகளும் அந்நிறத்தனவே. பிறர் கம்பியாகவும் இருக்கலாம் என்று ஒரு கணம் என்னையே தேற்றிக்கொண்டேன். அவன் அருகே விறகாக வைக்கப்பட்டிருந்த பலகையைக் கண்டபின் அத்தேற்றமும் ஒழிந்தது. அதன்மேல் என் பெயர், என் கையெழுத்திலேயே இருந்தது.

அம்மூடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். என் தந்தையார் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் போர்மனாகப் பணிபுரிகின்றவர். நிகழ்ந்ததை அவரிடம் சொன்னேன். அவர் என்னைக் கடியவில்லை. ‘தம்பி, கலந்த மருந்தில் ஒரு பிடி மிஞ்சினாலும் நாங்கள் அதை இராத்தங்க விடமாட்டோம். எங்கள் அறையில் மிஞ்சியதற்கு நாங்கள் பொறுப்பு. உன் பெட்டியில் மிஞ்சியதற்கு யார் பொறுப்பு?’ என்று மட்டும் கேட்டார். அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடையில்லை. இக்கட்டுரையே யான் தேடிய விடையாகும்.

தந்தையார் கூறிய விதி நம் நாட்டுப் பட்டாசுத் தொழிலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே வெம்மை கொள்ளும். வெம்மை முற்றினால் எரியும். ஆகலின் அன்று கலந்ததை அன்றே அடைத்து முடித்தல் வேண்டும். எஞ்சியதை அன்றே, உரிய இடத்தில், பொறுப்புடையார் கண்முன் அழித்துவிடல் வேண்டும். பொறி எழாதிருக்க இரும்புக் கருவியை விலக்கிச் செம்பும் பித்தளையும் மரமும் கொள்வர். கைப்பேசியை வெளியே வைத்துச் செல்வர். இவ்விதிகள் தவறிய இடங்களில் உயிர் மாண்டதுண்டு. வெடிமருந்தின் சினம் எத்தகையது என்பதை 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்ட பெருந்துயர் நமக்குக் காட்டிற்று. இங்ஙனம் மிஞ்சிய பொருளுக்கு அஞ்சுவதை நம் மாவட்டத்தார் குருதி கொடுத்துக் கற்றனர். மிஞ்சிய பொருளைப் பயன்படுத்தவும் அவர் அறிவர். படித்து எறிந்த பழைய செய்தித்தாள் அன்றோ ஈண்டு வெடியின் உடம்பாகச் சுருட்டப்படுகின்றது! அத்தகைய நாட்டிற் பிறந்த யான் என் பெட்டியைப்பற்றி ஒரு வினாவும் கேட்டேனல்லேன்.

அப்பெட்டியில் இருந்தவற்றின் தன்மையைச் சிறிது நோக்குவோம். பழைய வகைப் பற்றவைப்புக் கம்பியில் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பங்கு வெள்ளீயமும் நாற்பது பங்கு காரீயமும் உண்டு. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று வரையறுக்கத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஒளி பட்டால் தடை குறையும் சிறு உறுப்பில் காட்மியம் உண்டு. நிக்கல்-காட்மியம் பேட்டரியிலும் உண்டு. கம்பியின் மேலுள்ள பி.வி.சி. உறையை எரித்தால் காந்தும் அமிலப் புகையோடு டயாக்சின் என்னும் கொடிய நஞ்சும் தோன்றும். லிதியம் பேட்டரியோ நசுங்கினாலும் துளைபட்டாலும் முனைகள் ஒன்றையொன்று தொட்டாலும் தானே தீப்பற்றக்கூடியது. தீபாவளிக்கு மறுநாள் நம் தெருக் குப்பையில் வெடியாத வெடிகளும் கிடக்கும். அவற்றிடையே இத்தகைய பேட்டரி ஒன்றை எறிவது எத்துணைப் பேதைமை!

ஈண்டு ஒரு வேற்றுமையை நன்கு உணர்தல் வேண்டும். எஞ்சிய வெடிமருந்தை அறிந்தவர் முறைப்படி எரித்து அழிக்கின்றனர். மின்னணுப் பொருளுக்கோ எரித்தல் அழிவன்று. உள்ளே அடங்கிக் கிடந்த நஞ்சு எரித்தலினாலேயே வெளிப்பட்டுக் காற்றிலும் நீரிலும் மண்ணிலும் கலக்கின்றது. உத்தரப்பிரதேசத்து மொராதாபாத் நகரம் இதற்குச் சான்று. அது சிவகாசியைப் போலவே ஒரு தொழிலால் உலகெங்கும் பெயர்பெற்ற ஊர். பித்தளைக் கலங்கள் அதன் செல்வம். அவ்வூரிற் பழைய மின்பலகைகளை எரித்து உலோகம் எடுக்கும் வேலை பரவிற்று. ராமகங்கை ஆற்றின் கரை கருஞ்சாம்பற் படிந்ததாயிற்று. ஒரு தொழிலிற் கைதேர்ந்த ஊரும், எஞ்சியதைக் கையாளும் முறை அறியாதாயின் தன் ஆற்றை இழக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின், வேண்டாத பொருளை வேறு என்னதான் செய்வது? இவ்வினாவுக்கு நம் தமிழ்நாட்டு வரலாறே ஒரு நல்விடை தருகின்றது. கம்பியில்லாத் தந்தி புதுமையாக இருந்த நாளில், 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், சென்னையில் ‘மதராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப்’ என்னும் கழகம் தோன்றிற்று. கிருஷ்ணசாமி செட்டியார் என்பார் அதனை முன்நின்று தொடங்கினார். அது வானொலியில் ஆர்வமுடையோர் கூடிய கழகமே. அரசாங்க நிலையம் அன்று. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் அவர்கள் ஒலிபரப்பத் தொடங்கினர். 1927இல் பொருள் முட்டுப்பாட்டினால் கழகம் தன் பணியை நிறுத்த நேர்ந்தது. அப்பொழுது அவர்கள் தம் ஒலிபரப்புப் பொறியைச் சென்னை நகராண்மைக் கழகத்தாரிடம் ஒப்புவித்தனர். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் முதற்கொண்டு நகராண்மைக் கழகத்தார் ஒலிபரப்பை நடத்தினர். 1938 ஜூன் 16இல் அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரை அத்தொண்டு நிகழ்ந்தது. ஆர்வமுடையார் சிலர் கைவிட்ட பொறி ஒரு நகரத்தின் செவியாயிற்று! அவர்கள் அதனை உலோக விலைக்கு விற்றிருப்பின் வரலாறு வேறாகியிருக்கும். தமக்குப் பயன்படாதது யாருக்குப் பயன்படும் என்று அவர்கள் ஆராய்ந்தனர். ஆராய்ந்து தக்கார் கையிற் சேர்த்தனர். கைவிடும் முறை இதுவேயாம்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. இயங்காத கருவிக்கும் இது பொருந்தும். 2020ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுக்கு வேண்டிய பதக்கங்களை, 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை ஜப்பானிய மக்கள் கொண்டுவந்து கொடுத்த பழைய மின்கருவிகளிலிருந்தே எடுத்த உலோகத்தால் வார்த்தனர். ஏறத்தாழ 62 இலட்சம் பழைய கைப்பேசிகள் அவற்றுள் அடங்கும். கிடைத்த பொன் 32 கிலோகிராம்; வெள்ளி 3,500 கிலோகிராம். ஓடைக்கரையிற் புகையாய்ப் போகும் பொருள் அங்கே வீரர் மார்பில் அணியாயிற்று. பொருள் ஒன்றே, அதனைக் கைவிட்ட முறையே வேறு.

இனி, இக்கருத்தை மறுப்பார் கூறுவனவற்றையும் ஆராய்தல் முறையாகும்.

‘ஒரு பெட்டிக் கம்பியால் உலகம் கெட்டுவிடுமோ?’ என்பர் சிலர். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தார் கழித்த மின்னணுப் பொருள் 620 இலட்சம் டன் என்றும், அதில் முறைப்படி திரட்டி மீட்டதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22.3 பங்கே என்றும் 2024இல் வெளிவந்த உலக மின்கழிவு அறிக்கை கூறுகின்றது. அப்பெருமலை சிறு பெட்டிகளாலேயே ஆயது. அன்றியும், அளவு சிறிது என்பது பட்டாசு நாட்டார் வாயில் வரத்தக்க சொல் அன்று. ஒரு பிடி மருந்து என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம்.

‘பழைய பொருள் வாங்கிப் பிழைக்கும் ஏழையின் வாயில் மண் போடலாமோ?’ என்பர் வேறு சிலர். இது நெஞ்சைத் தொடும் வினா. அவ்வேழையர்மீது யான் குறை கூறவில்லை. நாம் எறிவதைப் பொறுக்கி நாட்டுக்கு உலோகம் மீட்டுத் தருவோர் அவரே. குற்றம் அவர் கையில் நஞ்சைக் கொடுத்துவிட்டு முப்பது ரூபாய் வாங்கிக்கொண்ட என்னுடையது. இரும்பு, அலுமினியம், பித்தளை, உடைந்த குறடு, திருப்புளி ஆகியவற்றை அவர்க்கே கொடுப்போம். விலையும் கேளாது கொடுப்போம். உறையுடைய கம்பியையும், சர்க்யூட் பலகையையும், பேட்டரியையும், பழைய தொலைக்காட்சியின் ஈயம் கலந்த கண்ணாடிக் குழலையும் அவர்க்குக் கொடாதிருப்போம். ஒரு சிறுவனின் மூச்சை விலையாகக் கொண்டு கிடைக்கும் கூலி பிழைப்பு ஆகாது.

‘இஃது அரசாங்கத்தின் கடமை, சட்டம் இருக்கின்றதே’ என்பர் மற்றும் சிலர். சட்டம் உண்டு. நம் நாட்டில் மின்கழிவு பற்றிய முதல் விதிகள் 2011இல் வகுக்கப்பெற்று 2012 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. அவை 2016இலும் 2022இலும் புதுக்கப்பெற்றன. 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. பொருளை ஆக்கி விற்போரே அதன் இறுதிக்கும் பொறுப்பாவர் என்பது இவ்விதிகளின் உயிர்நாடி. பேட்டரிகளுக்கெனத் தனி விதிகளும் 2022இல் வந்தன. பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலவாது பிரித்துக் கொடுத்தல் பயன்படுத்துவோர் கடமை என்று அவை கூறுகின்றன. ஆயின் கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் ஆக்கியோன் பெயர் மேலே பொறிக்கப்பட்டிருக்கும். கடையில் ஒரு பிடி அள்ளித் தந்த மின்தடைக்கு யார் பெயர் உண்டு? அதனைத் தேடி எந்த நிறுவனத்தாரும் நம் வீட்டு வாயிலுக்கு வருவதில்லை. பெயரில்லாப் பொருளுக்கு வாங்கியவன் பெயரே பெயர். என் பெட்டியின் மூடி இதனை எனக்கு எழுதியே காட்டிவிட்டது.

ஆகலின், இக்கல்லூரிக் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றேன். இயற்பியற் பகுதியின் தாழ்வாரத்தில் பூட்டுடைய பேழை ஒன்று அமைத்தல் வேண்டும். மாணாக்கரும், ஆசிரியரும், பழைய மாணவரும் தமக்கு வேண்டாத மின்னணு உறுப்புக்களையும் கருவிகளையும் அதிற் சேர்க்கலாம். திங்கள்தோறும் ஒருநாள் இயற்பியல் மாணவரும் அவரோடு தமிழ் மாணவராகிய நாங்களும் அமர்ந்து அவற்றை மூன்றாகப் பிரிப்போம்.

முதலாவது பிரிவு, இயங்கும் உறுப்புக்களும் கருவிகளும். மல்டிமீட்டர் கொண்டு சோதித்துப் பெயரும் அளவும் எழுதி, சிற்றூர்ப் பள்ளிகளின் செய்கூடங்களுக்கும், ஐ.டி.ஐ. மாணவர்க்கும், கடையிற் பழுதுபார்க்கக் கற்கும் இளைஞர்க்கும் கொடுக்கலாம். ஈண்டு ஓர் எச்சரிக்கை. கெட்டதென்று தெரிந்த பொருளைக் கொடையென்று கொடுத்தல் கொடையன்று. நம் குப்பையைப் பிறர் வீட்டிற் கொட்டுதலேயாம். கொடுப்பதன் குறையை மறையாது எழுதிக் கொடுத்தல் வேண்டும். இரண்டாவது, பழுதுபார்க்கத்தக்கவை. காவி தேய்ந்த சால்டரிங் அயர்ன் முனை மாற்றினால் மீண்டும் உழைக்கும். கம்பி அறுந்த கருவி ஒரு மணிப்பொழுதில் உயிர் பெறும். மூன்றாவது, முற்றும் பயனற்றவை. இவற்றை ஆண்டுக்கு ஒருமுறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்தாரிடம் கொடுத்துச் சீட்டுப் பெறுதல் வேண்டும். பேட்டரிகளை மட்டும் முனைகளில் நாடா ஒட்டித் தனிக் கலத்தில் வைத்தல் வேண்டும். வீங்கிய பேட்டரியைப் பேழையில் இடாது ஆசிரியர் கையிலேயே கொடுத்தல் வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வேண்டுவது ஒரு பேழையும் ஒரு கணக்கேடும் ஒருநாள் மாலைப்பொழுதுமே. 2016ஆம் ஆண்டு விதிகள் கல்வி நிலையங்களையும் பெருந்தொகையாக மின்பொருள் நுகர்வோருள் வைத்து எண்ணின என்பதையும் நினைவூட்டுகின்றேன். கற்பிக்கும் இடம் கைவிடும் முறையையும் கற்பித்தல் தக்கதே.

ஐயாயிரவர் உண்டு எழுந்த புல்தரையில், எஞ்சிய அப்பத் துணிக்கைகளும் வீணாகாதபடி பன்னிரண்டு கூடைகளிற் சேர்க்கப்பட்ட வரலாற்றை நம் கல்லூரிச் சிற்றாலயத்திற் பலகாற் கேட்டிருக்கின்றோம். பெருக்கித் தந்தவரே பொறுக்கவும் பணித்தார். யான் அவ்வரலாற்றில் அப்பம் பெருகியதையே இதுகாறும் நினைத்திருந்தேன், கூடைகளை நினைத்திலேன். ஓடைக்கரையிற் கண்ட சிறுவன் அவற்றை எனக்கு நினைப்பூட்டினான்.

அவனை அதன்பின் இருமுறை தேடிச் சென்றேன், காணவில்லை. கரிந்த மண் மட்டும் அங்கே கிடந்தது. என் பெயர் எழுதிய மூடி இப்பொழுது விடுதியில் என் மேசைமேல் இருக்கின்றது. ஒரு பக்கம் கருகியிருப்பினும் பலகை உறுதியானதே. கல்லூரியார் இசைவு தந்து பேழை ஒன்று அமைப்பராயின், அதற்கு மூடி தேட வேண்டுவதில்லை, யான் தருவேன்.